ஏன் என்று எழுத வேண்டாம்

ஆகஸ்ட் 5, திங்கள்

டாக்டர் அம்மா, எழுதுவதற்கே முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இந்த நோட்டில் என் அம்மா விழுவதை மட்டும் எழுதிவரச் சொன்னீர்கள். எப்போது, எந்தப் பக்கம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தாள், அவ்வளவுதான். நான் மற்றதையும் எழுதிவிடுவேன் போலிருக்கிறது. நேரில் எனக்குப் பேச வராது. இன்று உங்கள் முன்னால் நின்றபோது, பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு வந்த வாக்கியங்களில் ஒன்றுகூட வெளியே வரவில்லை. அம்மா முந்திக்கொண்டு, "இப்ப ஒன்னுமில்ல தாயி, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டாள். நாளைக்கு ஒரு வீட்டுக்குத் தளம் போடுகிறார்கள். அந்த வேலையை விட்டுவிடக் கூடாது என்ற அவசரம் அவளுக்கு.

வேண்டாததைத் தாண்டிப் படித்துக்கொள்ளுங்கள். விழுந்ததை எழுதும் இடங்களில் ஓரமாகச் சிவப்புக் கோடு போட்டு வைக்கிறேன்.

அம்மா பெயர் ராக்கம்மாள். திருமங்கலத்தில் தவமணி மேஸ்திரியிடம் சித்தாள். தலையில் சும்மாடு வைத்து, அதன்மேல் கலவைச் சட்டியை வைத்துச் சாரத்தில் ஏறுகிற வேலை. நான் பாண்டீஸ்வரி. பி.எஸ்சி. இயற்பியல். எங்கள் வகையறாவில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். இப்போது கோர்ட்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

ஒரு மாதமாக அம்மா கிறுகிறுத்து விழுகிறாள். உங்களிடம் வருவதற்கு முன்பு இங்கே பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். வெர்டிகோ என்று எழுதி மாத்திரை கொடுத்தார். அப்படியென்றால் என்ன என்று அம்மா வெளியே வந்து கேட்டாள். கிறுகிறுப்பு என்றேன்.

"அதைத்தானடி நான் அவர்ட்டச் சொன்னேன். நான் சொன்னதையே இங்கிலீசுல மாத்திச் சொல்லி அனுப்பிட்டாரா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஒன்றுக்குப் பெயர் வைத்துவிட்டால் அதைத் தெரிந்துகொண்டதாகிவிடுமா?

நீங்கள் பெயர் வைக்கவில்லை. "கண்ணால பாக்குறதை மட்டும் எழுதுங்க. ஏன்னு எழுத வேணாம், அது என் வேலை" என்றீர்கள். சரி.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

விழுந்தாள். விடியற்காலை, பாயிலிருந்து வலது பக்கம் புரண்டு எழும்போது. சுவரைப் பிடிக்கப் போனாள், கை சுவருக்குப் போகவில்லை. குடத்தின் மேல் சாய்ந்தாள். வீடெல்லாம் தண்ணீர். ஒரு நிமிடத்துக்குள் தெளிந்துவிட்டது. தளம் போடப் போய்விட்டாள். தடுத்துப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 7, புதன்

இன்று விழவில்லை. ஆனால் எழுத ஒரு விஷயம் இருக்கிறது.

கோயம்புத்தூரில் ஓர் அறக்கட்டளை, பள்ளிக்கூடங்களுக்கு அறிவியல் வண்டி ஓட்டுகிறது. கருவிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளுக்குச் சோதனை செய்து காட்டுவார்கள். அந்த வேலைக்கு மனுப் போட்டிருந்தேன். இன்று போன் வந்தது. 24ஆம் தேதி மதுரையில் தேர்வு. எழுத்துத் தேர்வு இல்லை. பத்து நிமிடம் தமிழில் பேச வேண்டும். தலைப்பு அவர்களே கொடுத்துவிட்டார்கள். ஈர்ப்பு விசை கண்டுபிடிக்கப்பட்டதா, விஞ்ஞானிகள் அதை விவரித்தார்களா?

எழுதச் சொல்லியிருந்தால் முப்பது பக்கம் எழுதியிருப்பேன்.

கடை முதலாளி ஜெயசேகர் அண்ணனிடம் ஒரு நாள் லீவு கேட்கும்போது தலைப்பையும் சொல்ல வேண்டியதாயிற்று. "ஆப்பிள் தொப்புன்னு விழுந்துச்சு, நியூட்டன் பாத்தாரு. இதுல பத்து நிமிசம் பேச என்னம்மா இருக்கு?" என்றார். பத்திரத்தை நகல் எடுக்க நின்ற ஒரு பெரியவர் அவர் பங்குக்கு, "அவரு சொல்றதுக்கு முன்னாடி எல்லாரும் மேல பறந்துக்கிட்டா இருந்தானுக?" என்றார். கடையே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். அது நியாயமான கேள்வி என்பதுதான் கோபம். பத்தாம் வகுப்பில் 'ஈர்ப்பு விசையைக் கண்டுபிடித்தவர் யார்' என்ற கேள்விக்கு நியூட்டன் என்று எழுதி ஒரு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். கல்லூரியிலும் அதையே எழுதினேன். அதற்கு முன்பு இல்லாததையா அவர் கண்டுபிடித்தார் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. பத்திரத்தோடு நிற்கிறவருக்குத் தோன்றுகிறது.

அம்மாவிடம் சொன்னேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "எந்த ஊருல வேலை?" என்றாள். கோயம்புத்தூர் என்றேன். "ம்" என்றாள். பொறுக்கி முடித்த அரிசியை மறுபடி முறத்தில் கொட்டிப் பொறுக்கினாள்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

வேலையிடத்தில் ஆடிவிட்டாள். அம்மா சொல்லவில்லை. கூடவே சித்தாள் வேலை பார்க்கும் பேச்சியக்கா தெருக்குழாயில் வைத்துச் சொன்னது.

கலவை மேலே போகும்போது பெண்கள் சாரத்தில் வரிசையாக நின்று சட்டியைக் கைமாற்றிக்கொண்டே இருப்பார்கள். கீழே நிற்பவள் தூக்கிக் கொடுக்க, மேலே நிற்பவள் குனிந்து வாங்குவாள். காலியான சட்டி மேலிருந்து திரும்பி வரும். அதை வாங்க அம்மா அண்ணாந்து பார்த்திருக்கிறாள். அவ்வளவுதான், சட்டி கையை விட்டுப் போய்விட்டது. நல்லவேளை, அது விழுந்த இடத்தில் யாரும் இல்லை. பேச்சியக்கா சேலையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது.

"மேஸ்திரி கண்ணுல பட்டுருச்சு. இனிமே கீழ மணல் சலின்னுட்டாரு. ஒங்கம்மா மூஞ்சி செத்துப்போச்சு. இருபது வருசமா மேல நின்னவ" என்றது பேச்சியக்கா.

சித்தாள்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. தலை சுற்றினால், கால் வழுக்கினால், முதலில் சட்டியை இறக்கி வைக்க வேண்டும். பிறகுதான் விழலாம். கீழே ஆள் நிற்கும். புதிதாக வருகிறவர்களுக்கு அம்மாதான் இதைச் சொல்லிக்கொடுப்பாள். அவளே சட்டியைப் போட்டுவிட்டாள் என்பதுதான் அவளுக்கு வலி. "இறக்கி வைக்கக்கூட நேரம் குடுக்கலடி" என்று இரண்டு தடவை சொன்னாள்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பேச்சை எழுதினேன். கிழித்தேன்.

முதலில், நியூட்டன் கண்டுபிடித்தார் என்று எழுதினேன். பத்திரக்காரரின் குரல் கேட்டது. கிழித்துவிட்டு, யாரும் கண்டுபிடிக்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை அவர் விவரித்தார் என்று எழுதினேன். அதுவும் நிற்கவில்லை. கல் விழுவது எல்லோருக்கும் தெரியும். விழாமல் நிற்கிற நிலாவும் அதே கணக்கில்தான் விழுந்துகொண்டே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஆனால் அவரே, ஏன் இழுக்கிறது என்று எனக்குத் தெரியாது, ஊகமாக எதையும் சொல்ல மாட்டேன் என்று எழுதி வைத்துவிட்டார். பிறகு ஐன்ஸ்டைன் வந்து இழுப்பே இல்லை, இடம்தான் வளைந்திருக்கிறது என்றார். ஏன் வளைகிறது என்றால் அங்கேயும் ஒரு சமன்பாடு. விவரிப்புக்கு மேல் விவரிப்பு. ஒருவராவது ஏன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

நடுவில் மின்சாரம் போயிற்று. பக்கத்து வீட்டில் யாரோ துவைக்கிற கல்லில் கம்பளியை அடித்துக்கொண்டே இருந்தார்கள். தலை வலிக்கிறது.

விழுந்தாள். மத்தியானம், கொடியில் துணி காயப்போட அண்ணாந்தபோது. வலது பக்கம். ஈரத் துணியெல்லாம் மண்ணில். மறுபடி அலச வேண்டியதாயிற்று.

இதுவரை எழுதியதைத் திருப்பிப் பார்த்தேன். வலது பக்கம் புரண்டால், அல்லது அண்ணாந்தால். நடக்கும்போது இல்லை. குனிந்து மணல் சலிக்கும்போது இல்லை. ஏன் என்று எழுதவில்லை.

ஆகஸ்ட் 14, புதன்

விழுந்தாள். படுக்கும்போது, வலது பக்கம் திரும்பியதும். கையிலிருந்த தைலப் புட்டி உடைந்தது. வீடு முழுக்க வாசம்.

ஆகஸ்ட் 19, திங்கள்

நீங்கள் செய்ததை உங்களுக்கே எழுதுவது அசட்டுத்தனம். ஆனாலும் எழுதுகிறேன்.

நோட்டை வாங்கிச் சிவப்புக் கோடுகளை மட்டும் பார்த்தீர்கள். நல்லவேளை. "நல்லா எழுதியிருக்கீங்க" என்றீர்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. அம்மாவைக் கட்டிலில் உட்காரவைத்து, தலையை வலது பக்கம் திருப்பிப் பிடித்து, சட்டென்று பின்னால் சாய்த்தீர்கள். தலை கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கியது. அம்மா உங்கள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "இங்க வாங்க, அம்மா கண்ணைப் பாருங்க" என்று என்னைக் கூப்பிட்டீர்கள். கருவிழிகள் இரண்டும் தாமாகவே வெட்டி வெட்டிச் சுழன்றன. அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. அம்மா அதைச் செய்யவில்லை. அது அவளுக்கு நடந்தது.

பிறகு தலையை இந்தப் பக்கம், அந்தப் பக்கம், உடம்போடு சேர்த்து, மெதுவாகத் திருப்பி உட்காரவைத்தீர்கள். ஒரு மாத்திரைகூட இல்லை.

"காதுக்குள்ள மாவு மாதிரி சின்னச் சின்னக் கல்லு இருக்கும்மா. எது மேல, எது கீழன்னு உடம்புக்குச் சொல்றதே அதுதான். அதுல கொஞ்சம் எடம் மாறிப் போயிருச்சு. இப்பத் திரும்ப வச்சிருக்கேன்."

"நான் தலையில சொமந்த கல்லு பத்தாதுன்னு காதுக்குள்ள வேறயா?" என்று அம்மா கேட்டாள். நீங்கள் சிரித்தீர்கள். சிலருக்குத் திரும்பவும் வரலாம், கொஞ்ச நாளைக்கு எழுதுங்கள், செப்டம்பர் 13 வாருங்கள் என்றீர்கள்.

பஸ்ஸில் வரும்போது எனக்கு வேறு யோசனை. பிறப்பதற்கு முன்பே ஒவ்வொருவர் காதுக்குள்ளும் அந்தக் கல் இருக்கிறதாம். அப்படியானால் ஈர்ப்பு விசையை முதலில் கண்டுபிடித்தது யார்? மீன்களுக்கும் அது உண்டு என்று செல்போனில் படித்தேன். நியூட்டன் வரிசையில் எங்கேயோ கடைசியில் நிற்கிறார்.

ஆகஸ்ட் 22, வியாழன்

அம்மா மறுபடி மேலே ஏறிவிட்டாள். மேஸ்திரியே ஒரு காலிச் சட்டியை மேலிருந்து நீட்டிப் பார்த்தாராம். அண்ணாந்து வாங்கினாளாம். வரும்போது பக்கடா வாங்கி வந்தாள்.

சாப்பிடும்போது பேச்சை அவளிடம் சொல்லிப் பார்த்தேன். அம்மாவிடம் மட்டும் எனக்குத் திக்காது. ஹாலி என்ற ஒருவரைப் பற்றிச் சொன்னேன். நியூட்டனின் கணக்கை வைத்து, ஒரு வால்நட்சத்திரம் திரும்ப எந்த வருடம் வரும் என்று அவர் சொல்லிவைத்தார். அவர் செத்துப்போன பிறகு அது வந்தது.

"சொன்னபடி திரும்பி வந்துச்சா?"

"வந்துச்சும்மா."

அம்மா பக்கடாத் தூளைக் கூட்டி ஓரமாக ஒதுக்கினாள். "அதுக்காவது தெரிஞ்சிருக்கு" என்றாள்.

ஆகஸ்ட் 24, சனி

நாசமாய்ப் போயிற்று.

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். முதல் ஒரு நிமிடம் நான் மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு, தயாரித்தது எதுவும் ஞாபகம் வராததால், "எங்க அம்மா காதுல ஒரு கல்லு இடம் மாறிருச்சு" என்று ஆரம்பித்துவிட்டேன். நீங்கள் செய்து காட்டியதை என் தலையையே திருப்பிச் செய்து காட்டினேன். ஒருவர் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். சரியில்லை என்று நினைத்தாரா, தெரியவில்லை. ஹாலியைச் சொல்ல மறந்துவிட்டேன். நடுவில் இருந்த அம்மையார், "சரிம்மா, முடிவாச் சொல்லு. கண்டுபிடிச்சாரா, விவரிச்சாரா?" என்று கேட்டார்.

"தெரியல மேடம்" என்றேன்.

பதில் பெரியார் பஸ் ஸ்டாண்டில் வந்தது. பஸ்ஸுக்கு நிற்கிறபோது, ஒரு தப்பும் இல்லாமல், முழு வாக்கியமாக. நடந்ததைச் சொன்னால் அது விவரிப்பு. அதை வைத்து, இன்னும் நடக்காததைச் சொல்லி, அது அப்படியே நடந்துவிட்டால், அது கண்டுபிடிப்பு. ஏன் என்று தெரியாவிட்டாலும்.

இதைச் சொல்லியிருக்க வேண்டியபோது அந்த மூன்று பேரும் முன்னால் இருந்தார்கள். இப்போது ஒரு சுண்டல் வண்டி இருந்தது.

ஆகஸ்ட் 28, புதன்

தேர்ந்தெடுத்துவிட்டார்கள். எதற்காக என்று சொல்லவில்லை. செப்டம்பர் 16 திங்கள் காலை கோயம்புத்தூரில் சேர வேண்டும். தங்க இடம் அவர்களே தருகிறார்கள். ஜெயசேகர் அண்ணன் கடையில் இருந்த எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். "பறக்கப் போறியாம்மா? பாத்து, கீழ இழுக்கும்" என்றார். அவர் நகைச்சுவை அவ்வளவுதான்.

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். டீ குடித்துக்கொண்டிருந்தாள். "நல்லது" என்றாள். "எப்ப?" என்றாள். சொன்னேன்.

விழுந்தாள். டம்ளரைத் தரையில் வைத்தாள். பிறகு சாய்ந்தாள். இடது பக்கம். அங்கே படுக்கை மடித்து வைத்திருந்தது.

சிவப்புக் கோடு போட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 29, வியாழன்

பேச்சியக்காவிடம் கேட்டேன். மேலே நல்லாத்தான் நிற்கிறாளாம். இன்றைக்கு இரண்டாவது மாடி.

டம்ளர் விஷயம் பழக்கமாகக்கூட இருக்கலாம். இறக்கி வைத்துவிட்டு விழுவதுதானே அவர்கள் வழக்கம்.

குடத்தின் மேல் விழுந்தாள். சட்டியைப் போட்டாள். ஈரத்துணியை, தைலப் புட்டியைப் போட்டாள். இதெல்லாம் ஏற்கெனவே எழுதியதுதான். மறுபடி எழுத வேண்டியதில்லை.

செப்டம்பர் 1, ஞாயிறு

பேச்சியக்கா வந்திருந்தது. விடுதியில் சாப்பாடு எப்படி இருக்கும், துணிமணி எவ்வளவு எடுத்துப் போகிறாய் என்றெல்லாம் என்னைக் கேட்டது. அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்தாள். விழுந்தாள். இடது பக்கம். படுக்கை மூலை.

ஓடிப்போய்க் கண்ணைப் பார்த்தேன், நீங்கள் காட்டினீர்களே, அதற்காக. கருவிழி ஆடவில்லை. என்னைப் பார்த்தது. உடனே அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

பேச்சியக்கா தண்ணீர் தெளித்தது. போகும்போது வாசலில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்த நெலமையில எப்படித்தா விட்டுட்டுப் போவ? ரெண்டு மாசம் தள்ளிக் கேட்டுப் பாரேன்" என்றது. தள்ள மாட்டார்கள். வண்டி 16ஆம் தேதி கிளம்புகிறது. எனக்குப் பின்னால் காத்திருப்போர் பட்டியலே இருக்கிறது. இதையெல்லாம் மனசுக்குள் சொன்னேன். வெளியே, "பாக்குறேங்க்கா" என்றேன்.

இதற்குச் சிவப்புக் கோடு போடவில்லை. மறந்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் 6, வெள்ளி

நான்கைந்து நாளாகக் கோயம்புத்தூர் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. யாரிடமிருந்து போன் வந்தாலும் தெருவுக்குப் போய்ப் பேசினேன். வேண்டுமென்றேதான். ஒன்றை மட்டும் நிறுத்திவிட்டு மற்றதையெல்லாம் அப்படியே வைத்துப் பார்ப்பது. கல்லூரி ஆய்வகத்தில் சொல்லிக்கொடுத்தார்கள்.

விழவில்லை. ஒரு நாளும் விழவில்லை. நேற்று ரேடியோவோடு சேர்ந்து பாடக்கூடச் செய்தாள்.

பெற்ற தாயை வைத்துச் சோதனை செய்கிறேன்.

செப்டம்பர் 7, சனி

பிள்ளையார் சதுர்த்தி. கடை லீவு. கொழுக்கட்டை பிடித்தோம். என்னுடையது எல்லாம் விரிந்துவிட்டது. "படிச்ச புள்ள புடிச்ச கொழுக்கட்டை" என்று பேச்சியக்கா வீட்டுக்கு அம்மா அதைத்தான் கொடுத்தனுப்பினாள். எவ்வளவு நாளாயிற்று இப்படிச் சிரித்து. போக வேண்டாம் என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. அப்புறம் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

காலை: இன்று சாயங்காலம் பரண் மேலிருந்து பையை இறக்கப் போகிறேன். நடப்பதற்கு முன்பே எழுதி வைக்கிறேன். அம்மா விழுவாள். இடது பக்கம். கையில் என்ன இருந்தாலும் அதை முதலில் கீழே வைப்பாள். கண் ஆடாது.

சாயங்காலம்: விழுந்தாள். இடது பக்கம். கையில் விளக்குமாறு இருந்தது. சுவரில் சாய்த்து வைத்தாள். கண் ஆடவில்லை.

எல்லாம் எழுதினபடியே நடந்தது. ஹாலிக்குக்கூட இவ்வளவு சரியாக வந்திருக்காது. எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டில் தோன்றிய என் பதில் சரி என்று ஆகிவிட்டது இல்லையா. நோட்டைத் தூக்கி எறிய வேண்டும் போலிருக்கிறது.

ஒன்றை மட்டும் நான் முன்னால் எழுதியிருக்கவில்லை. விழும்போது பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள். எழுந்து உட்கார்ந்த பிறகும் விடவில்லை. நான்தான் விரலை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன்.

அந்தப் பை அப்பா வாங்கியது. ஒரே மாதிரி இரண்டு வாங்கினார். ஒன்றை எடுத்துக்கொண்டு கட்டட வேலைக்குப் போனார். பொங்கலுக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனவர், வரவே இல்லை. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. அவர் போன ஊரும் கோயம்புத்தூர்தான்.

செப்டம்பர் 10, செவ்வாய்

காலையில் நான் நோட்டும் கையுமாக இருந்தபோது அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. பக்கங்களைப் புரட்டி, சிவப்புக் கோடுகளை விரலால் தடவினாள்.

"எல்லாம் நான் விழுந்ததா?"

"ஆமா."

"மத்ததெல்லாம்?"

"சும்மா எழுதுனது."

கோடு இல்லாத பக்கங்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. என் வாழ்நாளில் ஒருவரிடமும் அப்படி நேருக்கு நேராகக் கேட்டதில்லை. "முந்தாநேத்து எந்தப் பக்கம்மா சுத்துச்சு?" என்றேன்.

"நீதான எழுதுற. நீயே சொல்லு."

நோட்டை மூடினேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் விழுகுறேன்னும் எழுதிருக்கியா?"

"டாக்டரம்மா அதை எழுத வேணாம்னு சொல்லிருக்காங்க."

"நல்ல டாக்டரு" என்று சொல்லிவிட்டு எழுந்து, சும்மாட்டுத் துணியை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

செப்டம்பர் 11, புதன்

அறக்கட்டளையிலிருந்து போன். வருவது உறுதியா என்று நாளை மறுநாள் மாலைக்குள் சொல்ல வேண்டும். இல்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். ஜெராக்ஸ் மெஷினில் நாள் முழுக்கக் காகிதம் சிக்கியது. ஒரு வக்கீல் கத்தினார்.

செப்டம்பர் 12, வியாழன்

டாக்டர் அம்மா, நாளைக் காலை உங்களிடம் வருகிறோம். இந்த முறை சிவப்புக் கோடுகளை மட்டும் பார்க்காதீர்கள். கோடு இல்லாத பக்கங்களையும் படித்துவிடுங்கள். முதல் பக்கத்தில் தாண்டிப் படிக்கச் சொன்னது நான்தான். அதை விட்டுவிடுங்கள்.

நீங்கள் சொன்னபடி எங்கேயும் ஏன் என்று எழுதவில்லை. எழுதாமலே உங்களுக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததும் அம்மாவிடம் சொல்லிவிட வேண்டாம். அவள் பொய் சொல்கிறவள் இல்லை. இருபது வருடம் சாரத்தில் நின்றவள், ஒரு சட்டியைக் கைதவறிப் போட்டதற்கு மூன்று நாள் சாப்பிடவில்லை. நாளைக்கு உங்கள் முன்னால் அவள் தலைகுனிந்து நிற்பதை என்னால் பார்க்க முடியாது. அதற்குப் பதில் நான் ஜெராக்ஸ் கடையிலேயே இருந்துகொள்வேன்.

நான் போகிறேன், பொங்கலுக்கு வந்துவிடுவேன் என்று அவளிடம் சொல்லலாம்தான். அதே ஊர், அதே பை, அதே பொங்கல். எந்த வாக்கியத்தை எடுத்தாலும் அவள் ஏற்கெனவே கேட்டதாக இருக்கிறது.

உங்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. முதல் நாளிலிருந்தே ஏதாவது ஒன்றைக் கேட்க வேண்டும் என்று இருந்தது. என்ன என்று இன்றுதான் தெரிந்தது. நேரில் கேட்க எனக்கு வராது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

நாளைக்கு அம்மாவை அதே கட்டிலில் உட்காரவையுங்கள். அன்று செய்தது போலவே தலையைப் பிடித்துச் சாய்த்துவிடுங்கள், இந்த முறை இடது பக்கம். கண் ஆடாது. ஆடாவிட்டாலும் பரவாயில்லை, மெதுவாகத் திருப்பி உட்காரவையுங்கள். உங்கள் கையை அவள் பிடித்துக்கொண்டால் கொஞ்ச நேரம் விட்டுவையுங்கள். பிறகு, கல்லெல்லாம் இடத்துக்கு வந்துவிட்டது, இனிமேல் நீங்கள் தனியாக இருக்கலாம், போன கல் இந்தத் தடவை திரும்பி வரும் என்று அவளிடம் உங்கள் வாயால் சொல்லுங்கள்.